ஈரக்காற்று நாட்டில் கேமராவும் உலர் பெட்டியும்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆண்டுகளில், கேமராவையும் லென்ஸ்களையும் ஈரத்திலிருந்து காக்க வாங்கிய மின் உலர் பெட்டி, இப்போது உடுமலைப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் ‘டிரை கேபினட்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். இடையில் கேமராவை மாற்றினேன், சில லென்ஸ்களை விற்றேன். பெட்டியை மாற்ற வேண்டும் என்று ஒருபோதும் தோன்றவில்லை. வெப்பமண்டல நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர், படம் எடுக்கும் பழக்கமும் உள்ளவரானால், கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் இதற்கு எடுத்து வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில், கொடியில் போட்ட துணி பேச்சு முடிவதற்குள் காய்ந்துவிடும் ஊர் நம்முடையது. சிங்கப்பூரிலோ ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். காற்றின் ஈரப்பதமும் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களிலிருந்து மூங்கில் கழிகளில் நீட்டிக் காயப்போட்ட துணியே மாலை வரை நசநசத்துக் கிடக்கும்போது, தோல்பைக்குள் பூட்டி வைத்த லென்ஸ் எப்படித் தப்பும்? ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால், கண்ணாடியில் படிந்த தூசியையும் கைரேகை எண்ணெயையும் உண்டு பூஞ்சை வளரும். அது வெளியிடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிட்டால், பிறகு எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது.

பெட்டியை 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பர் பாகங்களும் உயவு எண்ணெயும் வறண்டுபோகக்கூடும் என்பதால், அதிகம் உலர்த்துவதும் நல்லதல்ல. சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று மின்குளிர்த்தகட்டில் ஈரத்தைப் படியவைத்து வெளியேற்றும். மற்றொன்று ஈர உறிஞ்சியில் பிடித்து, அதைச் சூடாக்கி வெளியே விடும். என்னுடையது இரண்டாவது வகை. சத்தமில்லை, மின்கட்டணத்திலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் முகப்பில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. சமையல் உப்பைச் சில துளி நீரில் குழைத்து ஒரு மூடியில் வைத்து, தனி ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் சில மணி நேரம் அடைத்தால், மானி 75 விழுக்காடு காட்ட வேண்டும். அப்படிச் சரிபார்த்த மானியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது, முகப்பு எண் சற்றுக் குறைத்துக் காட்டுவது தெரிந்தது. சில ஆண்டுகளில் கதவின் ரப்பர் பட்டை தளர்ந்ததைத் தவிர வேறு குறையில்லை. பட்டையை மாற்றியதும் அதுவும் தீர்ந்தது.

பெட்டியால் தீராத தொல்லை ஒன்றும் உண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவைத் தெருவுக்குக் கொண்டுபோனால் கண்ணாடி பனித்துவிடும். புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே மூடிய பையோடு குளிரூட்டாத கூடத்தில் வைத்தால் போதும்.

அன்றாட வாழ்க்கையில் எனக்கு மிகவும் உதவியது அந்த ஊரின் கடிகாரம். 1982 முதல் அந்நாடு உலக நேரத்துக்கு எட்டு மணி முந்திய நேரத்தைப் பின்பற்றுவதால், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு விடிகிறது, ஏழு மணிக்கு இருட்டுகிறது. ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும் தேக்கா சந்தையில் மாலை வெயிலில் படமெடுக்கலாம். நண்பகல் வெயில் உச்சியில் நிற்பதால் முகங்களில் கண்குழி கறுத்துவிடும். அந்நேரத்தில் மாடிக் கட்டடங்களின் திறந்த கீழ்த்தளமே நல்ல இடம். தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து தெண்டாயுதபாணி கோவில் வரை காவடிகளோடு நடந்து எடுத்த படங்களை, பழனிக்குப் பாதயாத்திரை போன உறவினர்கள் வாங்கிப் பார்த்து, “அங்கேயும் நம்ம காவடிதானுங்களா?” என்று கேட்டார்கள். எனக்குப் பிடித்த பாராட்டு அதுதான்.

ஊர் திரும்பிய பிறகு பெட்டியின் வேலை மாறிவிட்டது. இரு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது. இங்கே ஈரத்தைவிடத் தூசிதான் எதிரி. அதிலும் திருப்பூர்ப் பக்கம் நூல், பின்னல் ஆலைகளில் படமெடுத்துவிட்டு வந்தால் பஞ்சு எல்லா இடுக்கிலும் ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் வால்பாறை போய்வந்த வாரங்களில் மட்டும் பெட்டி தன் பழைய வேலையைச் செய்கிறது.

அடுத்த மாதம் சிங்கப்பூர் கிளம்பும் தங்கை மகன், “மாமா, எந்தக் கேமரா வாங்கறதுங்க?” என்று கேட்டிருக்கிறான். எதை வாங்கினாலும் சரி, அறையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் முதல் ஆண்டில் பெரிய பெட்டிக்கு இடமிருக்காது. ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் அவற்றைச் சமையல் பாத்திரத்தில் வறுத்து உலர்த்தக் கூடாது. தனி அறை கிடைத்ததும், இருக்கும் லென்ஸ்களைப்போல் இரண்டு மடங்கு கொள்ளும் மின்பெட்டியாகப் பார்த்து வாங்கட்டும். லென்ஸ் எண்ணிக்கை எப்படியும் ஏறும்.