பெரிய நாயோடு வெளியே போய் வருவது: பல ஆண்டு அனுபவம்

மல்லி எங்கள் வீட்டு நாய், கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இனம். குட்டியாக வந்தவள், இப்போது 52 கிலோ. நிமிர்ந்து நின்றால் முதுகு என் இடுப்பைத் தொடும். தங்கும் விடுதி, உணவகம், கடற்கரை, பகலில் நாயைப் பார்த்துக்கொள்ளும் டே கேர், நாம் ஊரில் இல்லாதபோது நாயை விட்டுச்செல்லும் போர்டிங் என்று இத்தனை ஆண்டுகளில் அவளோடு போகாத இடமில்லை. பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லப்பிராணிகளை அனுமதிப்பதாகச் சொல்லும் இடங்களில் பெரும்பாலானவை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் நாயை நினைத்துத்தான் அனுமதிக்கின்றன. அதனால் நம்மைப் போன்றவர்கள் அனுமதி உண்டா என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. நாய் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்குமா, தரை வழுக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

தங்குமிடத்தில்தான் இது நன்றாகத் தெரியும். பல விடுதிகளில் எடை வரம்பு உண்டு. அது விதிமுறைகளின் கடைசியில் எங்கேயோ இருக்கும். ஒரு விடுதியில் முன்பதிவை ஏற்றுக்கொண்டு, வாசலில் மல்லியைப் பார்த்ததும் முடியாது என்றார்கள். இரவு நேரம், வேறு இடம் தேடி அலைந்தோம். அதற்குப் பிறகு, அவள் என் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்றை அனுப்பி, எடையையும் இனத்தையும் எழுதி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டுகிறேன். கூடவே மாடிப்படியா லிஃப்டா, சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் உண்டா, நாங்கள் சாப்பிடப் போகும்போது அவளை அறையில் தனியாக விடலாமா என்றும் கேட்டுவிடுவேன். இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிற விடுதியில், போன பிறகும் நன்றாகவே நடத்துகிறார்கள்.

அப்புறம் தரை. பளபளவென்று தேய்த்த தரையில் மல்லியின் பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகும். எழுந்திருக்கும்போது நகத்தை ஊன்றிப் பார்ப்பாள், பிடி கிடைக்காது, மறுபடி உட்கார்ந்துவிடுவாள். பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். வழுக்கும் தரை வலியைக் கூட்டும். கெட்டித் தரையிலேயே படுத்துக்கொண்டிருந்தால் முழங்கைத் தோல் காய்த்துப்போகும், சில நாய்களுக்கு நீர் கோத்து வீங்கும். அதனால் அடியில் ரப்பர் வைத்த பெரிய பாய் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கிறது. நாங்கள் வாங்கிய பொருள்களிலேயே உருப்படியானது அதுதான். எந்த இடமாக இருந்தாலும், அதை விரித்தால் மல்லி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துவிடுகிறாள். வீட்டில் தினமும் அந்தப் பாயில் படுக்கவைத்துப் பழக்கினோம்.

உணவகம் என்றால் கூட்டம் குறைந்த நேரம், ஓர மேசை, அவள் முதுகுக்குப் பின்னால் சுவர். பரிமாறுபவர் நடக்கும் வழியில் கால் நீட்டினால் இருவருக்கும் ஆபத்து. மேசைக் காலில் கயிற்றைக் கட்டவே கட்டாதீர்கள். நாய் எழுந்தால் மேசையும் கூடவே போகும். வாலையும் கவனிக்க வேண்டும். கிரேட் டேன் சந்தோஷத்தில் வாலைச் சுவரில் அடித்து அடித்தே நுனியைப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்தப் புண் லேசில் ஆறாது, மறுபடி மறுபடி ரத்தம் வரும். குறுகலான உள் அறையைவிடத் திறந்த வெளி இருக்கைகள் நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நடைக்கு வெயில்தான் பிரச்சினை. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். உடம்பு பெரியதாக இருந்தால் சூடு தணியவும் நேரமாகும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடக்கவிடக் கூடாது. தண்ணீரும் தாராளமாக எடுத்துப் போக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் மல்லிக்குச் சாதாரண நாளிலேயே 3 லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வழியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைக் குடிக்க விடுவதில்லை. எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம்.

நாய்ப் பூங்காக்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சின்ன நாய்களுக்கும் பெரிய நாய்களுக்கும் தனித்தனி வேலி இருந்தால் போவோம், இல்லாவிட்டால் திரும்பிவிடுவோம். மல்லி விளையாட்டாக வைக்கும் ஒரு கால் போதும், சின்ன நாய்க்கு எலும்பு முறிந்துவிடும். பொது வழியில் பயப்படுகிறவர்கள் வந்தால் ஓரமாக ஒதுங்கி அவளை உட்காரவைத்துவிடுகிறேன். என் நாய் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும், எதிரே வருகிறவருக்கு எப்படித் தெரியும்? வாய்க்கூடு கட்டாயமான இடங்களில் கூடை மாதிரி உள்ள வகையைத்தான் போட வேண்டும். அதில் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நடைக்கு ஆகாது.

தானாகச் சுருளும் கயிற்றைப் பெரிய நாய்க்கு வாங்காதீர்கள். ஓடி வந்து இழுக்கும் வேகத்தில் பிடி கையிலிருந்து போய்விடும், மெல்லிய கயிறு விரலை அறுக்கும். நீளம் மாறாத தடித்த கயிறும், கழுத்துக்குப் பதிலாக உடம்பைச் சுற்றிப் போடும், மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் பட்டையும் எங்களுக்குச் சரியாக இருக்கின்றன. காரில் ஏறி இறங்கச் சாய்பலகை வைத்திருக்கிறோம். குதித்து இறங்கும்போது மொத்தப் பாரமும் முன்னங்காலில்தான் விழுகிறது. குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இவ்வளவு பெரிய இனத்துக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒன்றரை, இரண்டு வயது ஆகும். அதுவரை நீண்ட ஓட்டமும் உயரத்திலிருந்து குதிப்பதும் வேண்டாம்.

போர்டிங் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிகக் கறாராக இருக்கிறேன். தடுப்பூசி அட்டையைக் கேட்காத இடத்தில் மல்லியை விடமாட்டேன். நம்மிடம் கேட்கவில்லை என்றால் மற்றவர்களிடமும் கேட்டிருக்கமாட்டார்கள். கூண்டு என்றால் அவள் தலையைக் குனியாமல் நிற்கவும், திரும்பவும், பக்கவாட்டில் முழுதாக நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். நேரில் போய்ப் பார்த்தால்தான் இது தெரியும்.

இரவில் ஆள் இருக்கிறார்களா என்பது அதைவிட முக்கியம். மார்புக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரலாம். அதில் கிரேட் டேன் முன்வரிசையில் இருக்கிறது. வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வெளியே வராது; வயிறு உப்பும், எச்சில் ஒழுகும், ஓரிடத்தில் நிற்காது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம், அறுவை சிகிச்சைதான் வழி. இரவு பூட்டிவிட்டுக் காலையில் வந்து திறக்கிற போர்டிங்கில் இதை யார் கவனிப்பார்கள்? நாங்கள் இந்த அறிகுறிகளையும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும், சாப்பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். சாப்பிட்டவுடன் ஓடவிடக் கூடாது என்பதும் அதில் இருக்கும். கருத்தடை செய்தபோதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் சிகிச்சையும் செய்துவிட்டோம். வயிறு உப்புவதை அது தடுக்காது, முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

மருத்துவமனையில் தரையோடு தரையாக உள்ள எடைமேடை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் முடிவாகிறது, உத்தேசமாகச் சொன்னால் போதாது. எங்கள் மருத்துவர் மேசையில் ஏற்றச் சொல்லாமல் தானே தரையில் உட்கார்ந்து பார்க்கிறார். மல்லி பதற்றமில்லாமல் காதைக் காட்டுகிறாள். குட்டை முடி என்பதால் க்ரூமிங்குக்குச் செலவில்லை, நகம் மட்டும் வெட்டிவருகிறோம்.

விமானத்தில் கூட்டிப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம். கேபினில் விடும் நிறுவனங்கள் பெரும்பாலும் கூடையோடு சேர்த்து 8 கிலோ அளவில் வரம்பு வைக்கின்றன. அதற்கு மேல் என்றால் சரக்குப் பகுதிதான். பயம் தெரியாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்து அனுப்புவதும் பாதுகாப்பில்லை. இனம் இவ்வளவு பெரியது என்றால் ஆயுள் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டு. மல்லிக்கும் இப்போது முகவாயில் நரை வந்துவிட்டது. அதனால் காரில் போகிற தூரம், நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், கீழ்த்தள அறை என்று பார்த்துத்தான் பயணம் போடுகிறோம்.