வீட்டுத் தையல் மெஷினில் ஆறு வருடம் குவில்ட் தைத்த அனுபவம்

ஆறு வருடமாக ஒரே மெஷினில்தான் குவில்ட் தைக்கிறேன். குவில்ட் என்றால் ஒட்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. ஓரம் மடிக்கவும் ஜிப் மாற்றவும் வீட்டில் வைத்திருப்போமே, அந்த மாதிரி சாதாரண மெஷின். ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவே 7 அங்குலம்கூட இடம் கிடையாது. அந்த இடைவெளிக்குள் சுருட்டி நுழைத்தே சிறியதும் பெரியதுமாக 11 போர்வைகள் முடித்திருக்கிறேன்.

முதல் இரண்டு வருடம் எந்தக் குறை வந்தாலும் மெஷின்மேல்தான் சந்தேகம். தையல் ஓரிடத்தில் நெருங்கும், ஒரு விரற்கடை தள்ளி அகலும். டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) திருகித் திருகிப் பார்த்தேன், சரியாகவில்லை. ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து பார்த்தால், போர்வையில் பாதி மேஜையிலிருந்து தரைவரை தொங்குகிறது. அந்தக் கனம் முன்பக்கம் இழுத்தால் துணி நகராமல் தையல் நெருங்கிவிடுகிறது. பின்பக்கம் சரிந்தால் ஊசியையே வளைத்துவிடுகிறது. அன்றிலிருந்து மெஷினுக்கு இடதுபுறமும் பின்புறமும் இன்னொரு மேஜையை ஒட்டிப் போட்டுக்கொள்கிறேன். மீதியை மடியிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு, ஊசியைச் சுற்றி ஒரு சாண் துணி மட்டும் தளர்வாகக் கிடக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். இந்த ஆறு வருடத்தில் தையலை இவ்வளவு மாற்றிய விஷயம் வேறு எதுவும் இல்லை.

அடுத்தது வாக்கிங் ஃபுட், அதாவது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் வழக்கமான ஃபுட்டுக்குப் பதிலாக மாட்டும், பற்கள் கொண்ட ஒன்று. கீழே மெஷினின் பற்கள் துணியை நகர்த்தும்போது, மேலே இதன் பற்களும் சேர்ந்து நகர்த்துவதால் மேல்துணி, பேட்டிங் (நடுவே வைக்கும் பஞ்சு அடுக்கு), அடித்துணி மூன்றும் ஒன்றாகப் போகின்றன. தையல் நீளத்தை 3 மி.மீ. வைக்கிறேன், நடுத்தர வேகம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒட்டுத் துணிகளின் இணைப்புக் கோட்டிலேயே தைக்க ஆசைப்படுவார்கள். ஒரு நூல் அளவு விலகினாலும் அது கண்ணில் படும், அதனால் முதல் போர்வைக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். மெல்லிய அலை அலையான கோடுகள் தையுங்கள். வாக்கிங் ஃபுட் அந்த அளவு வளைவை நன்றாகத் தாங்கும், கோணல் தெரியாது, பார்க்கவும் அழகு.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க ஊக்குதான். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்கு படவேண்டும், அதாவது சுமார் 4 அங்குலத்துக்கு ஒன்று. அடித்துணியைத் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல், ஆனால் இழுபடாமல் டேப் போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டும் ஸ்பிரேயும் அடித்துப் பார்த்தேன். சின்னவற்றுக்கு வேகமாக வேலை முடிகிறது, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பெரியவற்றுக்கு எனக்கு ஊக்கு மேல்தான் நம்பிக்கை. எதுவானாலும் தையலை நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கிப் போங்கள். மூன்றாவது போர்வையில் இதைத் தவறவிட்டு, பின்புறம் விழுந்த நான்கு மடிப்புகளைப் பிரிக்க ஒரு வாரம் ஆனது.

ஃப்ரீ மோஷன், அதாவது துணியை நாமே கையால் எந்தப் பக்கமும் நகர்த்தித் தைப்பது, கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பற்களை இறக்கிவிட்டால் தையலின் நீளம் முழுக்க நம் கையில். ஊசியைச் சீரான வேகத்தில் ஓட விட்டு, கையை நிதானமாக நகர்த்த வேண்டும். வளைவில் கையைச் சட்டென்று இழுத்தால் பின்புறம் கண்ணிமை மயிர் போல நூல் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். டென்ஷனைத் தொடுமுன் கையின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பார்வை ஊசிமேல் இருக்கக் கூடாது, அடுத்து போகும் இடத்தில் இருக்க வேண்டும். தொடங்கும்போது பாபின் நூலை (அடியிலிருந்து வரும் கீழ்நூலை) மேலே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஃபுட்டை இறக்க மறந்தால் மேல்நூலுக்குப் பிடிப்பே இருக்காது, கீழே நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். நுனியில் ரப்பர் பூசிய கையுறை தோள்வலியை நிறையக் குறைத்தது, துணியை அழுத்திப் பிடிக்கவேண்டிய தேவையே போய்விட்டது. பேனாவை எடுக்காமல் தாளில் அதே வடிவத்தை வரைந்து பழகியதும் உதவியது.

வருடங்கள் போனபின்தான் தெரிந்த இரண்டு விஷயங்கள் உண்டு. சூடு பட்டால் மறையும் பேனாவால் கோடு போட்டு, இஸ்திரி செய்து மறைத்திருந்தேன். குளிர்காலத்தில் அந்தக் கோடுகள் திரும்ப எழுந்து வந்தன. இப்போது சாக்குக்கட்டிதான். இன்னொன்று பேட்டிங். எவ்வளவு இடைவெளிக்குள் தைக்க வேண்டும் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். முதல் போர்வையில் அதைப் பார்க்காமல் கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டதால், துவைக்கத் துவைக்க ஒரு மூலையில் பஞ்சு திரண்டுவிட்டது. அதற்குப் பின் 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர் கலந்த மெல்லிய ரகத்துக்கு மாறினேன். துவைத்ததும் அது கொஞ்சம் சுருங்கித் துணியெங்கும் மென்மையான சுருக்கம் விழுகிறது, தையலின் சிறு கோணல்கள் அதில் மறைந்துபோகின்றன. நான்கு வருடமாகப் புழங்கும் போர்வையில் இன்றுவரை ஒரு கோடும் விடவில்லை.

மெஷினுக்குச் செய்வது கொஞ்சம்தான். 8 மணி நேரம் ஓடினால் புது ஊசி (90/14 அளவு), இரண்டு மூன்று பாபின் தீர்ந்ததும் பாபின் கூட்டில் சேரும் பஞ்சைத் துடைப்பது.

பெரிய மெஷின் வாங்க வேண்டுமா என்றால், இருவர் கட்டில் அளவுவரை எனக்குத் தேவைப்படவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று தைக்க இப்போது தொடங்கியிருக்கிறேன். மூன்று பாகமாகத் தனித்தனியே குவில்ட் செய்து கடைசியில் இணைப்பதாகத் திட்டம். முதல் பாகத்துக்கு ஊக்குப் போட்டு வைத்தாயிற்று.