குரைக்காமல் வரும்: கையால் எழுதி வாங்கிய நாய் போர்டு

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பெயின்டர் கடையில் போன மாதம் நாய் எச்சரிக்கை போர்டு ஒன்று எழுதி வாங்கினேன். 20 அங்குல அகலம், 16 அங்குல உயரம், தகரத்தில் கையால் எழுதியது. விலை 1,450 ரூபாய். கேட்டதும் என் மகன், "என்னப்பா, இணையத்தில் 200 ரூபாய்க்கே கிடைக்கிறதே" என்றான். கிடைக்கிறதுதான். அதை ஏன் வாங்கவில்லை, இந்தக் கடையில் என்ன நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 31 வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாய் போர்டை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவனில்லை, தெருவில் நின்று படித்தவன். தல்லாகுளம் பக்கம் எந்த வீட்டுக் கேட்டில் என்ன எழுதியிருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். நாயே இல்லாத வீட்டில் பெரிதாக போர்டு தொங்கும். நாலு நாய் இருக்கும் வீட்டில் ஒன்றும் இருக்காது. 1991இல் அப்படி போர்டு இல்லாத ஒரு வீட்டில், கேட்டுக்கு உள்பக்கம் மாட்டியிருந்த தபால் பெட்டியில் கடிதம் போடக் கையை நுழைத்தேன். கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்த நாய் இடது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் ஊசியை வயிற்றில்தான் போடுவார்கள், தினம் ஒன்று. அந்த ஊசிகளுக்காகப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்ற காலை நேரங்களை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆகவே என் வீட்டு வாசலில் வந்து நிற்கிற எவருக்கும் அது நேரக்கூடாது. இந்த விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் நாய் முத்து, ராஜபாளையம் இனம். இரண்டு வயது. பால் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. அதைக் கையில் வாங்கிப் பார்த்த நாளிலிருந்தே இந்த இனத்தின் மேல் எனக்கு ஆசை. ஆனால் முத்துவுக்குக் காது கேட்காது. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை இது. ராஜபாளையம் குட்டிகளில் சில இப்படிப் பிறந்துவிடுகின்றன. மற்ற நாய் என்றால் கேட் சத்தம் கேட்டதுமே குரைத்துத் தன் இருப்பைச் சொல்லிவிடும். முத்து படிக்கட்டு ஓரம் படுத்துத் தூங்கிக்கொண்டே இருக்கும். வந்தவர் நாய் இல்லை என்று நினைத்து நாலடி உள்ளே வந்துவிடுவார். அவர் நிழல் மேலே விழும்போதுதான் அது திடுக்கிட்டு எழும். திடுக்கிட்ட நாய் என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, பிரிண்ட் போடும் ஒரு கடையில் முதல் போர்டு வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். சன்போர்டு என்கிற லேசான நுரைப் பலகையில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டியது, 350 ரூபாய். கணினியில் ஏற்கெனவே இருந்த படத்தை எடுத்து, பல்லைக் காட்டும் கறுப்பு நாய் ஒன்றைப் போட்டு, கீழே "நாய்கள் ஜாக்கிரதை" என்று அடித்துக் கொடுத்தார்கள். முதல் பிரதியில் எழுத்துரு உடைந்து, "தை"யில் இருக்க வேண்டிய கொம்பு தனியே விலகி நின்றது. சொன்ன பிறகு திருத்தினார்கள். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்குப் பிடிக்கும் வெயில் அந்தி வரை விடாது. ஒரே கோடையில் சிவப்பு வெளுத்துவிட்டது. "நாய்கள்" கறுப்பில் இருந்ததால் அது நின்றது. "ஜாக்கிரதை" சிவப்பில் இருந்ததால் அது போய்விட்டது. அச்சு மையில் வெயிலுக்கு முதலில் தோற்பது பெரும்பாலும் சிவப்புதான். எந்தச் சொல் கண்ணில் பட வேண்டுமோ அதையே சிவப்பில் அடித்துத் தருகிறார்கள். வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இந்த முறை அவசரப்படாமல் மூன்று இடத்தில் விலை விசாரித்தேன். ஃபிளெக்ஸை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தர 300 ரூபாய் என்றார்கள். அலுமினியத் தகடு இரண்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த ஏ.சி.பி. ஷீட்டில் நேரடியாக அச்சடிக்க 900. மூன்றாவது இந்தப் பெயின்டர். பிரிண்ட் கடைக்காரர்கள் இரண்டு பேரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சதுர அடி?" அவர்கள் தொழில் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். சிறிய போர்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வைத்திருப்பதும் நியாயம். ஓர் அடி போர்டுக்கும் பத்து அடி போர்டுக்கும் கணினி முன்னால் உட்கார்ந்து வடிவமைக்கிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சதுர அடிக்கு அப்பால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெயின்டர் கேட்டார். அறுபது வயதிருக்கும், காதில் பென்சில் சொருகியிருந்தார். "வருகிறவர் எங்கே நின்று படிப்பார், அண்ணே? வண்டியில் உட்கார்ந்தபடியா, இறங்கி வந்தா? நாய் கட்டிக் கிடக்குமா, அவிழ்ந்து திரியுமா? ஒரு நாயா, நிறையவா?" என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "படித்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும்?" என்றார். 31 வருடம் தெருவில் நின்ற எனக்கு, இந்தக் கடைசிக் கேள்வியை ஒருவர் கேட்டதே பெரிய விஷயமாகப் பட்டது. ஜாக்கிரதை என்று எழுதிவிடுகிறோம். வந்தவர் ஜாக்கிரதையாக எதைச் செய்வார்? திரும்பிப் போவதா, கூப்பிடுவதா, கேட்டைத் தட்டுவதா? கையில் பதிவுத் தபாலை வைத்துக்கொண்டு இப்படித் திகைத்து நின்ற வாசல்கள் எனக்கு நிறைய உண்டு.

நான் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனது இது: "இந்த வீட்டில் காது கேளாத நாய் உள்ளது. தயவுசெய்து கேட்டைத் திறக்காமல் அழைப்பு மணியை அழுத்திவிட்டு வெளியே காத்திருக்கவும்." அவர் இரண்டு முறை படித்தார். "இதை எழுதலாம், அண்ணே. ஆனால் எழுத்து அரை அங்குலத்துக்கு வந்துவிடும். படிக்கிறவர் கேட்டைத் தொட்ட பிறகுதான் படிப்பார்" என்றார். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது அவர் கணக்கு. 30 அடி தூரத்தில் கண்ணில் பட வேண்டிய சொல் மூன்று அங்குலம், பத்தடியில் படிக்க வேண்டியது ஓர் அங்குலம். தமிழ் எழுத்து அகலம் கேட்கும். "ஜாக்கிரதை" என்ற ஒரு சொல்லே இரண்டரை அங்குல உயரத்தில் எழுதினால் போர்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் போர்டு 20 அங்குலத்துக்கு வளர்ந்தது.

காது கேளாத நாய் என்று எழுதுவதில் இன்னொரு சிக்கலையும் அவரே சொன்னார். திருட வருகிறவனுக்கும் அது சேதிதானே. கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, என் காகிதத்தின் பின்பக்கம் இரண்டே சொல் எழுதிக் காட்டினார்: "குரைக்காமல் வரும்." எனக்குப் பேச்சே வரவில்லை. வருகிறவருக்குத் தெரிய வேண்டியது முழுவதும் அதில் இருக்கிறது. முத்துவின் குறையை ஊருக்குச் சொல்லவும் இல்லை, பொய்யும் இல்லை. இந்த இரண்டு சொல்லுக்குத் தனியாக அவர் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

கடைசியில் முடிவான வாசகம்: முதல் வரியில் "நாய்", அதன் பக்கத்தில் படம். அடுத்து "ஜாக்கிரதை". அதற்குக் கீழே சிறிதாக "குரைக்காமல் வரும்". பிறகு இரண்டு வரியில் "மணி அடித்து வெளியே நிற்கவும்". "நாய்கள்" வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு நாய்தான் இருக்கிறது. போர்டில் ஒரு சொல் பொய் என்று தெரிந்துவிட்டால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ரசீதில் அவர் பிரித்து எழுதியதை அப்படியே தருகிறேன். தகரமும் ஓரம் மடித்த கூலியும் 260. பிரைமர், எனாமல் பெயின்ட் 240. எழுத்துக்கூலி 700. படம் 200. துளை போட்டு பித்தளை ஸ்குரூ நான்கு 50. ஆக 1,450. பாதிக்கு மேல் கைக்கூலி. ஒரு முழுநாள் வேலை அது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மஞ்சள் எனாமல் இரண்டு கோட் கொடுத்து முன்பே காய வைத்திருந்தார். நான் போன காலையில் நூல் பிடித்துச் சாக்பீஸில் கோடு போட்டார். கை ஆடாமல் இருக்க ஒரு குச்சியைக் குறுக்கே ஊன்றி, அதன் மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டார். அணில் முடி பிரஷ். கறுப்பில் தோய்த்து, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் தட்டையாக வழித்துவிட்டு, "நா"வின் வளைவை ஒரே இழுப்பில் கொண்டுவந்து காலில் முடித்தார். எல்லா எழுத்தும் முடிந்த பிறகு எழுந்து, சந்தின் எதிர்ச்சுவர் வரை பின்னால் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, மிச்சமிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தார், பிரஷ் நுனியால் ஒரு தொடல், ஒரு சுழற்று. "புள்ளியைச் சின்னதாக வைத்தால் தூரத்தில் தெரியாது, அண்ணே. எழுத்துக்குத் தக்க புள்ளி வேண்டும்" என்றார். அந்த மஞ்சள் மேல் அந்தக் கறுப்பு, தெரு முனையிலிருந்தே தெரிகிறது. சிவப்பு என்று இருப்பது ஓரத்தில் ஓடும் கோடு மட்டும். அது வெளுத்தாலும் நஷ்டமில்லை.

படம் முத்துவின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. வெள்ளை முகம், தொங்கும் காது, இளஞ்சிவப்பு மூக்கு. பல்லைக் காட்டவில்லை. படம் வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். இப்போது சாப்பாடும் பார்சலும் கொண்டு வரும் பிள்ளைகளில் பலர் வடமாநிலத்தவர், தமிழ் படிக்கத் தெரியாது. எனவே கீழே மூலையில் நில் என்று காட்டும் ஒரு கையும் போட்டுக் கொடுத்தார். அதற்கும் காசு வாங்கவில்லை.

இனி குறைகள். நான்கு நாளில் தருகிறேன் என்றவர் ஒன்பதாவது நாள்தான் கொடுத்தார். அதுவும் நான் இரண்டு முறை நேரில் போன பிறகு. கடையில் போன் எடுப்பதில்லை. பணம் ரொக்கமாகத்தான். "நிற்கவும்" என்பதை, ஒரு "க்" கூடுதலாகச் சேர்த்து "நிற்க்கவும்" என்று கோடு போட்டிருந்தார். சாக்பீஸிலேயே பார்த்துச் சொன்னதால் திருத்தினார். பெயின்ட் தொடுவதற்கு முன் நீங்களே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள். பெரிய குறை, இருட்டில் இந்த போர்டு தெரியாது. லாரிப் பின்பக்கம் ஒட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை வாங்கி ஓரத்தில் நானே ஒட்டினேன். மணி பக்கத்தில் சிறிய விளக்கும் போட்டேன். இரவில் வீட்டுக்கு ஆள் வருவது அதிகம் என்றால் இதை முன்னாலேயே கணக்கில் வையுங்கள்.

மாட்டும் இடம் பற்றி அவர் சொல்லவில்லை, அது என் அனுபவம். போர்டைக் கேட் கதவில் மாட்டாதீர்கள். கேட்டை யாராவது திறந்து போட்டுவிட்டால் கதவு உள்பக்கம் திரும்பி, போர்டு சுவரைப் பார்த்து நிற்கும். எச்சரிக்கை மிகவும் தேவைப்படுகிற நேரம் அதுதான். கொண்டி இருக்கும் பக்கத்துத் தூணில், மணிக்குச் சற்று மேலே, கண் உயரத்தில் மாட்டுங்கள். கொண்டிக்குப் போகிற கையை அது வழியிலேயே நிறுத்தும். தபால் பெட்டியைத் தயவுசெய்து வெளிப்பக்கம் வையுங்கள்.

போர்டு மாட்டிவிட்டோம், இனி யாரைக் கடித்தாலும் நமக்குப் பொறுப்பில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வளர்க்கும் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். முத்து பகலில் முன்வாசலில் இருக்கும்போது கேட் உள்ளே கொண்டி போட்டுத்தான் இருக்கிறது.

மாட்டி ஐந்து வாரம் ஆகிறது. மின் கணக்கெடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் தம்பி, முன்பெல்லாம் நேராக மீட்டர் பெட்டிக்கு வந்துவிடுவார். இந்த முறை மணி அடித்துவிட்டுத் தெருவிலேயே நின்றார். போன வாரம் சிலிண்டர் வந்தது. 14.2 கிலோ எரிவாயு, இரும்பின் எடை தனி. அதைத் தோளில் வைத்திருப்பவரால் நாய் வந்தால் ஓடவும் முடியாது, கீழே போடவும் முடியாது. அவர் தூணுக்கு முன்னால் நின்று படித்தார், சிலிண்டரை இறக்கி வைத்தார், மணி அடித்தார். நான் முத்துவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கட்டிவிட்டு வரும் வரை அப்படியே நின்றார். "குரைக்காது என்று போட்டிருக்கிறதே ஐயா, நல்லவேளை பார்த்தேன்" என்றார்.

பின்பக்கச் சந்துக் கதவுக்கு இன்னொரு போர்டு சொல்லியிருக்கிறேன். 12க்கு 12, படம் இல்லாமல் "நாய்", "குரைக்காமல் வரும்" இரண்டும் மட்டும். 700 ரூபாய் பேசி, 300 முன்பணம் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.