டர்பன்ல வாங்கின லேடி எபோஷி சிலை – ஒரு ரிவியூ

பிரின்சஸ் மோனோனோகேங்கற ஜப்பான் அனிமேஷன் படத்துல வர்ற லேடி எபோஷியை இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு தம்பி சிலையா செஞ்சு வீக்கெண்ட் மார்க்கெட்ல விக்கிறார்னு தோழி சொல்லி ஆர்டர் குடுத்திருந்தேன், இப்ப கைக்கு வந்துருச்சு. 24 செமீ உயரம், ரெசின், 3டி பிரிண்டர்ல எடுத்து கையால பெயிண்ட் அடிச்சது, விலை 1,200 ராண்ட். சொன்ன தேதிக்கு வரல, பிரிண்ட் ஓடிட்டிருக்கும்போது லோட் ஷெட்டிங்ல கரண்ட் போயி பாதியில நின்னதை தூக்கிப் போட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து எடுத்தாராம். பரவால்ல, காத்திருந்தது வீண் போகல.

எங்க பாத்தாலும் ஓநாய்ங்க வளத்த பொண்ணு சான், ஓநாய், தலையை ஆட்டுற வெள்ளைக் கொடாமாங்கற காட்டு ஆவிக் குட்டிங்க இதான் கிடைக்குது, எனக்கு வேணுங்கறது எபோஷி. 1997ல வந்த இந்த டைரக்டர் மியாசாகி படத்துல இரும்பு உலை ஊரோட தலைவி எபோஷி, காட்டை அழிக்கிறவங்க, காட்டு தெய்வத்தையே சுடுறவங்க, கதைப்படி பாத்தா வில்லி தான். ஆனா அந்தப் படத்துல நான் மனசார நேசிக்கிற ஆளும் அவங்க தான், அதை சொல்றதுல எனக்கு எந்தத் தயக்கமும் இல்ல.

முகத்தை நல்லா புடிச்சிருக்கார். வில்லின்னா புருவத்தை ஏத்தி கோணச் சிரிப்பு வெச்சுடுவாங்க, இவர் அதைப் பண்ணல. கதாநாயகன் அஷிடாகாவோட சாபம் புடிச்ச கை தானா வாளை உருவப் போகும்போது எபோஷி ஒரு அடி கூட பின்னாடி போகாம நிப்பாங்கல்ல, அந்த நிதானம் கண்ணுல இருக்கு. உதட்டுச் சிவப்பு, அகலத் தொப்பி, நீல அங்கி எல்லாம் சரியா இருக்கு. அங்கி மேல அடிச்ச வார்னிஷ் மட்டும் ஜாஸ்தி, பிளாஸ்டிக் மாதிரி மின்னுது, மேட் வார்னிஷ் அடிச்சிருக்கணும்.

துப்பாக்கியைப் பாத்து தான் அசந்துட்டேன். அதோட கட்டையில பழந்துணிக் கட்டு ஒண்ணு சுத்தியிருக்கு. படத்துல இது கிடையாது, ஏன் போட்டீங்கன்னு கேட்டேன், "அக்கா, அந்தத் துப்பாக்கிய செஞ்சது அவங்க தோட்டத்துல இருக்குற நோயாளிங்க தானே, அவங்க அடையாளம் ஒண்ணாவது இருக்கட்டும்னு போட்டேன்"ன்னார். எனக்கு அப்பவே காசு முழுசும் வசூல் ஆயிருச்சு. உடம்பு பூரா துணி சுத்தின அந்த ஆளுங்களை தொழுநோயாளிகளை நெனச்சுத் தான் வரைஞ்சேன்னு மியாசாகியே 2016ல டோக்கியோவுல ஒரு கூட்டத்துல பேசியிருக்கார். படுத்த படுக்கையா இருக்குற அந்தப் பெரியவர், எங்களை மனுசனா பாத்தவங்க இவங்க ஒருத்தர் தான், அழுகுற உடம்பைக் கழுவி கட்டு போட்டாங்க, இவங்களைக் கொல்லாதேன்னு கெஞ்சுற இடத்துல இப்பவும் எனக்கு தொண்டை அடைக்கும். நம்ம நாட்டுலயே 1931 வரைக்கும் ராபன் தீவுல தொழுநோயாளிங்களைக் கொண்டு போய் ஒதுக்கி வெச்சிருந்தாங்கல்ல.

அதோட அந்தப் பொண்ணுங்க. விலைமாதர் வீட்டுல விக்கப்பட்டவங்களோட ஒப்பந்தத்தை எபோஷி காசு குடுத்து மீட்டு இரும்பு உலைக்குக் கூட்டிட்டு வர்றாங்க, அங்க அவங்க துருத்தி மிதிக்கிறாங்க, வயிறு நிறைய சாப்பிடுறாங்க, ஆம்பளைங்களை எதுத்துப் பேசுறாங்க. 1860 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததுல இருந்து நம்ம சனங்க கரும்புத் தோட்டத்துல கழிச்சது பூரா ஒப்பந்த வாழ்க்கை தானே, எங்க ஆயா அவங்க பாட்டி கதையை சொல்லும்போதெல்லாம் அந்தம்மாவோட பேப்பரை வாங்கிக் கிழிச்சுப் போட யாருமே வரலையேன்னு தான் எனக்குத் தோணும். எபோஷி மேல பாசம் வந்தது அங்க இருந்து தான்.

ரசிகருங்க நடுவுல ஒரு தியரி ரொம்ப நாளா ஓடுது, எபோஷியே சின்ன வயசுல வெளிநாட்டுக்கு விக்கப்பட்டு ஒரு கடல் கொள்ளைக்காரன்கிட்ட மாட்டி, அவனைக் கொன்னுட்டு துப்பாக்கியோட ஊர் திரும்பினவங்கன்னு. படத்துல அதைப் பத்தி ஒரு வரி கூட கிடையாது, ஆனாலும் நான் நம்புறேன், ஏன்னா இரக்கப்பட்டு காசு போடுறவங்க பார்வை அவங்களுக்கு இல்ல, வலியை உள்ள இருந்து பாத்தவங்களா தான் தெரியுறாங்க. மிகாடோங்கற ஜப்பான் பேரரசரோட பரிசுக்கு ஆசைப்பட்டு தான் தெய்வத்தோட தலையை எடுக்கப் போனாங்கன்னு இன்னொரு கட்சி, அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். பரிசுக்கு அலையுறவர் ஜிகோங்கற துறவி. எபோஷி கணக்கு வேற, அந்த தெய்வம் போயிட்டா காட்டு விலங்குங்க வெறும் விலங்கா ஆயிடும், தன் ஊர் சனம் பயமில்லாம மலையைத் தோண்டலாம்.

அதுக்காக அவங்களை முழுசா விட்டுடவும் என்னால முடியாது. எங்க மாமா இருக்குறது டர்பன்ல மெர்பேங்க் பகுதியில, எண்ணெய் ஆலைங்க பக்கத்துல. ஆலை வேலையில தான் அவர் பிள்ளைங்களைப் படிக்க வெச்சார், அதே ஆலைப் புகையில தான் அத்தை வருஷக் கணக்கா இன்ஹேலர் கையுமா இருக்காங்க. எபோஷி ஊர்லயும் இதே தான், உலைக்குக் கரி வேணும், கரிக்கு மரம் வேணும், நாகோங்கற காட்டுப்பன்னி உடம்புல பாஞ்ச இரும்புக் குண்டு வலியாவும் வெறுப்பாவும் மாறி எங்கயோ கிடக்குற அஷிடாகா கையில வந்து ஒட்டுது. அவங்க சனத்துக்கு சோறு போட்ட இரும்பு தான் அது. நல்லவங்களா கெட்டவங்களான்னு சண்டை போடுறவங்க இதுல பாதியை மட்டும் பாக்குறாங்கன்னு தான் எனக்குத் தோணுது.

சிலைக்கு வர்றேன். ஒரு கை காந்தத்துல ஒட்டியிருக்கு, கழட்டினா மோரோங்கற ஓநாய் தெய்வத்தோட வெட்டுப்பட்ட தலை கையைக் கடிச்சு எடுத்ததுக்கு அப்புறம் இருக்குற எபோஷி. பிரமாதமான யோசனை, ஆனா காந்தம் வீக், அலமாரிக் கதவை கொஞ்சம் வேகமா சாத்தினா கை கீழ விழுது, வாங்குறவங்க பெரிய காந்தமா போடச் சொல்லிக் கேளுங்க. நான் கையைக் கழட்டியே தான் வெச்சிருக்கேன். எல்லாம் எரிஞ்சு போன பிறகு இன்னொரு தடவை தொடங்கலாம், நல்ல ஊரா கட்டலாம்னு சொல்றது அந்த எபோஷி தானே. அடியில இருக்குற பேஸ்ல வெட்டின மரக்கட்டையும் கரியும் இருக்கு, நடுவுல ஒரு சின்னத் துளிர் வெச்சிருக்கார், அது உத்துப் பாத்தா தான் தெரியும், பச்சையை இன்னும் கொஞ்சம் தூக்கி அடிச்சிருக்கலாம்.

பேக்கிங் ரொம்ப நல்லா இருந்துச்சு, தொப்பி விளிம்பு மெல்லிசு, அது கூட உடையாம வந்துருச்சு. பத்துக்கு எட்டரை குடுப்பேன். ஆர்டர் குடுக்குறவங்க துணிக்கட்டு வெச்ச துப்பாக்கி வேணும்னு தெளிவா சொல்லிடுங்க, வெறும் துப்பாக்கியோடயும் ஒண்ணு இருக்கு, அது 150 ராண்ட் கம்மி, தயவு செஞ்சு அதை வாங்காதீங்க. அடுத்து அந்த உலைப் பொண்ணுங்கள்ல ஒருத்தியான டோக்கியை துருத்தி மிதிக்கிற மாதிரி செய்யச் சொல்லி கேட்டிருக்கேன், அஞ்சு பேராவது கேட்டா தான் அச்சு போடுவாராம், வேணுங்கறவங்க அவர்கிட்ட பேர் குடுத்து வைங்க.