சாமந்தித் தோட்டத்துக்கு எது: மேக்ரோ லென்ஸா, ட்யூபா, ஃபில்டரா?

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சாமந்தித் தோட்டம், காலை ஏழு மணி. 50 மி.மீ. லென்ஸில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டி ஒரு பூவின் மேல் குனிந்திருந்தேன். பக்கத்துச் சாலில் பூப் பறித்துக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, பூ மேல உன் நெழலே விழுதே, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்றால் ஃபோகஸ் கிடைக்காது. ஃப்ளாஷ் இல்லாமல் வெயிலை மட்டும் நம்பி எடுக்க எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும், பூவிலிருந்து லென்ஸ் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதையே அன்றிலிருந்து முதலில் பார்க்கிறேன்.

ட்யூப் என்பது கண்ணாடியே இல்லாத வெறும் வளையம். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவுதான். விலை குறைவு. 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. ட்யூப் போட்டால் பூ சென்சாரில் பாதி அளவில் விழும், 50 மி.மீ. போட்டால் முழு அளவில். ஆனால் பாதி அளவுக்கே லென்ஸுக்கும் பூவுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. முழு அளவுக்குப் போனால் சில விரற்கடைதான். அப்புறம் வெளிச்ச இழப்பு: பாதி அளவில் ஒரு ஸ்டாப்புக்கு மேல், முழு அளவில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). காற்றில் ஆடும் பூவை 1/250 நொடிக்குக் குறையாமல் பிடிக்க வேண்டிய இடத்தில் இது பெரிய இழப்பு.

மிக அருகிலிருந்து எடுப்பதற்கென்றே செய்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸிலும் வெளிச்சம் குறையத்தான் செய்யும். ஆனால் முழு அளவிலும் ஏறக்குறைய அரையடி தள்ளி நிற்கலாம். ஓரம் வரை கூர்மை. தடை விலை மட்டுமே.

மூன்றாவதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. 55-250 மி.மீ. ஜூம் வைத்திருப்பவர்கள் நிறைய. அதன் முன்னால், பூதக்கண்ணாடி போன்ற +2 குளோஸ்-அப் ஃபில்டரைத் திருகி, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால், 50 செ.மீ. தூரத்தில் இருக்கும் பூ தெளிவாகும். முழத்துக்கும் சற்று அதிகம்! ஜூமை மாற்றினாலும் இந்தத் தூரம் மாறாது. 250-இல் பாதி அளவு கிடைக்கும். வெளிச்சம் குறையாது. ஏபிஎஸ்-சி என்னும் சற்றுச் சிறிய சென்சாரில் அந்தப் பாதி அளவு என்பது சுமார் 4.5 செ.மீ. அகலம், ஒரு சாமந்தி சட்டத்தை நிறைத்துவிடும். அன்று அந்த அம்மா சொன்னபடியே தள்ளி நின்று எடுத்திருக்கலாம். நடுத்தட்டு தெரியும் ரகமாக இருந்தால் இன்னும் அழகு: அதிலுள்ள குட்டிப் பூக்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக விரிந்து வருவதை அப்படியே பிடிக்கலாம். ஒற்றைக் கண்ணாடி ஃபில்டரை மட்டும் வாங்காதீர்கள். வெள்ளைச் சாமந்தியின் இதழோரத்தில் ஊதாக் கோடு ஓடும். இரண்டு கண்ணாடி ஒட்டிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஓசூர் பசுமைக்குடில் ரோஜாக்களுக்குக் கணக்கு வேறு. கூரைப் பிளாஸ்டிக் வெயிலைச் சிதறடித்து இறக்குவதால் நிழல் பெரிதாக உறுத்தாது, காற்றும் குறைவு. அங்கே ட்யூப் தாராளமாகப் போதும். திறந்த வயலில் வெயில் ஏறிவிட்டால் எந்தக் கருவியாக இருந்தாலும் பூவுக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆரஞ்சுச் செண்டுமல்லியில் சிவப்பு முதலில் வெளிறிவிடும். முக்கால் ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள்.

சரி, மேக்ரோ யாருக்கு? வரப்போரம் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பாருங்கள். பூ ஒரு செ.மீ.யைச் சற்றுத் தாண்டும். அதன் ஒவ்வொரு வெள்ளை இதழின் நுனியிலும் மூன்று பற்கள். ஃபில்டரில் அது சட்டத்தின் நடுவே சிறியதாகவே நிற்கும். அந்தப் பற்கள் படத்தில் வேண்டும் என்று மனம் கேட்கிறவர்கள் மேக்ரோவுக்குக் காசு சேர்க்கலாம். நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.