ஐசாவில் போடுவதா, கரண்ட் அக்கவுண்ட்டிலேயே விடுவதா?

ஊரில் கரண்ட் அக்கவுண்ட் என்றால் கடைக்காரர் கணக்கு. காலணா வட்டி வராது, ரிசர்வ் வங்கி விதியே அப்படி. பிரிட்டனுக்கு வந்த புதிதில், சம்பளம் வந்து விழுகிற கரண்ட் அக்கவுண்ட்டுக்கே 5 சதவீத வட்டி என்று ஒரு வங்கியின் கண்ணாடிக் கதவில் பார்த்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். பிழை இல்லை. கீழே பொடி எழுத்தில் மீதிக் கதை இருந்தது: 1,500 பவுண்ட் வரைதான், முதல் 12 மாதம்தான், அதுவும் மாதாமாதம் 1,000 பவுண்ட் உள்ளே வர வேண்டும்.

அதே கதவில் இன்னொரு விளம்பரம், கேஷ் ஐசா என்ற சேமிப்புக் கணக்கு. வட்டி அதைவிடக் குறைவு, ஆனால் வரியே கிடையாது. ஆண்டுக்கு 20,000 பவுண்ட் வரை போடலாம். இங்குள்ள நம்மவர்கள் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கடைசியில் இந்த இரண்டில் எது என்பதில்தான் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் வட்டி விகிதத்தை மட்டும் வைத்துச் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால் விகிதம் இரண்டாவது கேள்வி. உங்கள் வருமானம், வரியோ சலுகையோ மாறுகிற எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

கரண்ட் அக்கவுண்ட் கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று உண்டு. 2012இல் சாண்டாண்டர் தொடங்கிய 123 கணக்கு, 3,000 முதல் 20,000 பவுண்ட் வரை வைத்திருந்தால் 3 சதவீதம் கொடுத்தது. அப்போதெல்லாம் வங்கியே 20 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் வட்டியைக் கொடுக்கும். பிடித்தது போகக் கையில் 2.4 சதவீதம் நின்றது. வரியில்லாத ஐசாக்கள் பல அதைக்கூடத் தரவில்லை. அப்புறம் மாதக் கட்டணம் 2 பவுண்டிலிருந்து 5 ஆனது, 2016 நவம்பரில் வட்டி பாதியாக 1.5க்கு இறங்கியது. இப்போது நல்ல வட்டி தரும் கரண்ட் அக்கவுண்ட்களில் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் வரம்பு கட்டிவிடுகிறார்கள். 1,500 பவுண்டுக்கு 5 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 75 பவுண்ட். வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆனால் வீடு வாங்கச் சேர்த்த பணத்தை வைக்கிற இடம் அது இல்லை.

ஐசாவின் பெருமையைக் குறைத்ததும் 2016தான். அந்த ஏப்ரலில் பர்சனல் சேவிங்ஸ் அலவன்ஸ் வந்தது. 20 சதவீத வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்ட் வட்டி வரை வரி இல்லை, 40 சதவீதக்காரருக்கு 500 வரை, அதற்கும் மேலே இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. வங்கி வட்டி 1 சதவீதமாக இருந்த நாட்களில் 1,000 பவுண்ட் வட்டி வர ஒரு லட்சம் பவுண்ட் வேண்டும். ஐசா எதற்கு என்று பலர் கேட்டது நியாயம்தான். ஆனால் அப்புறம் வட்டி ஏறியது: மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் விகிதம் 2020 மார்ச்சில் 0.1 சதவீதம், 2023 ஆகஸ்டில் 5.25. 4 சதவீத வட்டியில் 25,000 பவுண்ட் இருந்தாலே அந்த 1,000 வந்துவிடும். 40 சதவீதக்காரருக்கு 12,500 போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1,000 பவுண்ட் வரை வரி இல்லை என்றால், அந்த வட்டி வருமானத்திலேயே சேராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேரும். பென்ஷன் பிடித்தம் போக 50,000 பவுண்ட் சம்பளம் வாங்குகிறவர், 600 பவுண்ட் வட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50,600. 40 சதவீதக் கோடு 50,270இல் இருக்கிறது. வட்டி அவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. உடனே 1,000 பவுண்ட் சலுகை 500 ஆகச் சுருங்கும். மிச்சம் 100 பவுண்டுக்கு 40 சதவீதம், அதாவது 40 பவுண்ட் வரி. அந்த 600ம் ஐசாவுக்குள் வந்திருந்தால் பைசா கட்ட வேண்டாம்.

குழந்தைகள் இருந்தால் இன்னும் உறுத்தும். பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் உதவித்தொகைக்கு 60,000 பவுண்ட் கோடு. அதைத் தாண்டும் ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் 1 சதவீதம் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளம் 59,900, வட்டி 500. வட்டிக்கு வரி பூஜ்யம்தான், ஆனால் வருமானம் 60,400 ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள் என்றால் 2025-26 கணக்குப்படி ஏறக்குறைய 45 பவுண்ட் போய்விடும். 1,00,000 பவுண்ட் கோடு இதைவிடக் கொடூரம். இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேர இலவசக் குழந்தைப் பராமரிப்பு அதற்கு மேல் ஒரு பவுண்ட் போனாலும் கிடையாது. அந்தக் கோட்டை ஒட்டி நிற்பவர்கள் ஐசாவில் வட்டி அரை சதவீதம் குறைவு என்று யோசிக்கவே கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. என் மனைவி பகுதி நேர வேலை பார்க்கிறாள், வருஷத்துக்கு 11,000 பவுண்ட் சம்பளம். அவளுக்கு 12,570 வரை எப்படியும் வரி இல்லை. அதற்கு மேல், குறைந்த சம்பளக்காரருக்கு வட்டிக்கென்றே 5,000 பவுண்ட் தனிச் சலுகை, அப்புறம் அந்த 1,000. ஆகமொத்தம் 7,570 பவுண்ட் வட்டி வந்தாலும் அவள் வரி கட்ட வேண்டியதில்லை. அவளுக்கு ஐசா இப்போதைக்குத் தேவையில்லை. எந்தக் கணக்கு அதிகம் தருகிறதோ அதில் போடலாம்.

நம்மவர்கள் கணக்கில் விட்டுவிடும் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் ஊர் வங்கியில் போட்டு வைக்கும் என்ஆர்இ டெபாசிட். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் இங்கே வசிக்கிறவருக்கு உலகத்தில் எங்கே வட்டி வந்தாலும் இங்கே வருமானம். திருச்சி கிளையில் கிடக்கும் டெபாசிட்டும் அந்த 1,000 பவுண்ட் சலுகையைத் தின்னும். பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுப் புதிதாக வந்தவருக்கு முதல் நான்கு வருஷம் ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கோரினால் 12,570 பவுண்ட் கழிவு கைவிட்டுப் போகும். திரும்பிப் போகிற எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்று: பிரிட்டனை விட்டுப் போனபின் ஐசாவில் புதிதாகப் பணம் போட முடியாது. ஊரில் நிரந்தரவாசி ஆனதும் அதன் வட்டிக்கு இந்திய வருமான வரி உண்டு.

பாதுகாப்பில் இரண்டும் ஒன்றுதான். ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு 1,20,000 பவுண்ட் வரை உத்தரவாதம்.

தொந்தரவில் ஒன்றல்ல. கரண்ட் அக்கவுண்ட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 5 சதவீதக் கணக்கை நானும் தொடங்கினேன், முதல் வருஷம் முடிந்ததை மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தால், மாதம் ஆறேகால் பவுண்ட் வந்த இடத்தில் ஒன்றேகால் வந்துகொண்டிருந்தது. நாற்பது பவுண்ட் நஷ்டம். என் கவனக்குறைவு, வங்கியைத் திட்ட முடியாது. வேலை மாறிய மாதத்தில் சம்பளம் தள்ளிப் போய் 1,000 பவுண்ட் உள்ளே வராமல், வட்டி 0.00 என்று நின்றதும் நடந்தது.

ஐசாவில் இந்தக் கண்காணிப்பு இல்லை, வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடுத்த பணத்தை அதே வரி ஆண்டில் திரும்பப் போட்டால், ‘ஃப்ளெக்சிபிள்’ வகை ஐசாவில் மட்டும்தான் அது புதுப் பணமாகக் கணக்காகாது. மற்றவற்றில் 20,000 வரம்பில் கழித்துவிடுவார்கள். வேறு வங்கிக்கு மாற்றும்போதும் பணத்தைக் கையில் எடுக்கக் கூடாது, புது வங்கியின் மாற்றல் படிவத்தை நிரப்ப வேண்டும். எடுத்துவிட்டால் பல வருஷம் சேர்த்த வரிப் பாதுகாப்பும் கூடவே போகும்.

2027 ஏப்ரல் முதல் கணக்கு மறுபடி மாறுகிறது. 65 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கேஷ் ஐசாவில் ஆண்டுக்கு 12,000 பவுண்ட்தான் போடலாம். வட்டிக்கான வரி 22, 42, 47 சதவீதமாகிறது. கதவைக் குறுக்கிக்கொண்டே உள்ளே இருப்பதன் மதிப்பைக் கூட்டுகிறார்கள். நான் 40 சதவீதக் கோட்டை ஒட்டி இருப்பதால் அதற்குள் முடிந்த வரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக 5 சதவீதத்தை விட்டுவிடவும் இல்லை. இந்தத் தடவை கணக்கு மனைவி பெயரில். ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி என்னிடமிருந்து 1,000 பவுண்ட் ஸ்டாண்டிங் ஆர்டரில் அவள் கணக்குக்குப் போகிறது, 5ஆம் தேதி வேறொரு ஸ்டாண்டிங் ஆர்டரில் என்னிடமே திரும்பி வருகிறது. வங்கியின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. 12ஆவது மாதத்துக்கு அவள் போனில் அலாரம் வைத்திருக்கிறாள், என் போனை நம்பவில்லை.