நேரோகேஜ் மாடல் ரயில்: முதல் கிட் ஓஓ9-ஆ, ஓ-16.5-ஆ?

நேரோகேஜ் (வழக்கமான பாதையைவிடக் குறுகலான ரயில்பாதை) மாடல் கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது, கட்ட இறங்குகிறவர்கள் முதலில் திணறுவது எந்த அளவில் கட்டுவது என்பதில்தான். பிரிட்டிஷ் கிட்களில் பிரபலமானவை இரண்டு. ஓஓ9 என்றால் 1:76 (அசலில் 76-இல் ஒரு பங்கு), தண்டவாள அகலம் 9 மி.மீ. ஓ-16.5 என்றால் 1:43.5, அகலம் 16.5 மி.மீ. இரண்டிலும் கை வைத்துவிட்டு நான் ஓ-16.5-இல் நின்றுவிட்டேன். அதனால் என் தராசு ஒரு பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

(ஊட்டி ரயிலைக் கட்டத்தான் ஆசை என்பவர்களுக்கு: அது மீட்டர்கேஜ், அதாவது 1 மீட்டர் அகலப் பாதை. சுமார் 2 அடிப் பாதைக்கான இந்த இரண்டுமே சரிப்படாது. 1:87-இல் 12 மி.மீ. தண்டவாளம் தேட வேண்டும். டார்ஜிலிங்தான் 2 அடி.)

இடம், செலவு இரண்டிலும் ஓஓ9 ஜெயிக்கும், பேச்சே இல்லை. 9 அங்குல ஆரத்தில் வளைவு கிடைப்பதால் அரை மீட்டர் சதுரப் பலகையில் முழு வட்டம் போடலாம். ஓ-16.5-இல் வட்டத்தை மறந்துவிட்டு, நாலடிப் பலகையில் ஒரு கல்குவாரி யார்டு போட்டு வேகன்களை முன்னும் பின்னும் தள்ளுவதுதான் நடைமுறை.

அசலோடு பொருந்துவதிலும் ஓஓ9 ஒரு படி மேல். அதன் 9 மி.மீ. அசல் பாதையில் கணக்குப்படி 2 அடி 3 அங்குலம். வேல்ஸின் டாலிலின் ரயில்பாதை அச்சாக அதே அகலம். ஓ-16.5 கணக்கில் 2 அடி 4 அங்குலத்தைத் தாண்டுகிறது. 2 அடிக்கும் அரை அங்குலம் குறைவான, வேல்ஸின் இன்னொரு பாதையான ஃபெஸ்டினியாக்குக்கு அது அகலம்தான். என் கண்ணை உறுத்தவில்லை. உறுத்துகிறவர்கள் 14 மி.மீ. தண்டவாளத்துக்குப் போகிறார்கள்.

பிறகு ஏன் ஓ-16.5? எடை. இன்ஜின் கிட் என்று வாங்குவது பெரும்பாலும் பாடி மட்டும்தான். ஓடுகிற சேசிஸை (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பகுதி) ரெடிமேட் இன்ஜினிலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள். ஓஓ9-க்கு அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் ‘என்’ கேஜ் சேசிஸ் (ஜப்பானிய நிறுவனமான காட்டோவின் குட்டி நாலு சக்கரச் சேசிஸ் இதற்குப் பேர்போனது), ஓ-16.5-க்கு 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் ஓஓ (1:76) அல்லது எச்ஓ (1:87) சேசிஸ். நேரோகேஜ் ரயிலுக்கு அழகே ஊர்ந்து போவதில்தான். மெதுவாக ஓட, சக்கரம் தண்டவாளத்தை அழுத்தி மின்சாரத்தை விடாமல் எடுக்க வேண்டும். அதே இன்ஜின் 1:43.5-இல் நீள அகல உயரத்தில் ஒன்றேமுக்கால் மடங்கு. கனஅளவில் ஐந்து மடங்குக்கு மேல். பாடி ஒயிட்மெட்டல் (கனமான வார்ப்பு உலோகம்) என்றால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் என்றாலும் உள்ளே ஈயத்தகடு திணிக்க இடமிருக்கும். 3டி பிரிண்ட் செய்த ஓஓ9 பாடியில் எடையும் இல்லை, எடை வைக்க இடமும் இல்லை. ஒரு தூசி போதும், நின்றுவிடும். விரலால் தள்ளிவிட வேண்டியதுதான்.

பராமரிப்பிலும் இதே கதை. மின்சாரம் எடுக்கச் சக்கரத்தின் உள்பக்கத்தில் உரசுகிற மெல்லிய வெண்கலப் பட்டை தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அழுத்தினால் பிரேக் பிடித்த மாதிரி ஆகும், விலகினால் கரண்ட் வராது. ஓ-16.5-இல் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, ட்வீசரால் வளைத்துவிடலாம். ஓஓ9-இல் எனக்கு லென்ஸ் வேண்டியிருக்கிறது.

எந்த அளவானாலும் இன்ஜினில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் வேகன். ஓஓ9-இல் டண்டஸ் நிறுவனத்தின் கிட்கள் நல்ல தொடக்கம். அச்சுமுனை உட்காரும் பித்தளைக் குமிழை நேராக அழுத்திவிட்டு, பசை இறுகுமுன் வேகனைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு நின்றால் அப்போதே திருகிச் சரிசெய்துவிடலாம். பித்தளைத் தகட்டுக் கிட்டில் என் அனுபவம் ஒரேயொரு வேகனோடு சரி. அதை வைத்து யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஓஓ லேஅவுட் இருந்தால் யோசிக்காமல் ஓஓ9 வாங்குங்கள். இரண்டும் 1:76 என்பதால் கட்டடம், மரம், ஆட்கள் எல்லாம் அப்படியே பொருந்தும். வேல்ஸின் பிளைனாவ் ஃபெஸ்டினியாக் நிலையத்தில் இருப்பதுபோல் பெரிய ரயிலையும் சின்ன ரயிலையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தலாம். ஓ-16.5-இல் அதைச் செய்ய ஓ கேஜ் (அதே 1:43.5-இல் பெரிய ரயில்) வேண்டும். அதற்குத் தனி அறையே தேவைப்படும்.